பதினேழாவது முள்

அல் கூத்தில் இரவு பதினொன்று. வெளியே முப்பத்தெட்டு டிகிரி.
உள்ளே ஏசி குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு
ஒரு கரண்டி உப்புநீரை முப்பத்திரண்டுக்குச் சூடேற்றுகிறேன்.
அதற்கடியில் படிந்திருக்கிறது
எலிக்குட்டியின் மூளையிலிருந்து எடுத்த ஒரு சீவல்,
அப்பளத்தைவிட மெல்லியது,
இன்னும் உயிரோடு.

ஷம்ஸா அல் ஹார்த்தி, மூன்றாம் ஆண்டு ஆய்வு மாணவி,
திரையில் பச்சையாய் ஒளிரும் கிளையைத் தொட்டு
"ஷவ்கா" என்றாள்.
முள், என்றேன் நான்.
கேன்டீனில் சோற்றைக் குத்தும் கரண்டிக்கும்
அவர்களிடம் அதே பேர்தானாம்.
எங்களுக்கும் அது முள்கரண்டிதான் ஷம்ஸா.
மீனுக்குள் இருப்பதும் முள். மணி காட்டுவதும் முள்.
தராசில் நடுங்குவதும்.
அவள் சிரித்தாள்:
உங்கள் மொழி ஏன் இப்படிக் குத்துகிறது?

நரம்பணுவின் கிளை நெடுக இந்த முட்கள்.
குத்த அல்ல, கேட்க.
ஒரு தலைமுடியின் குறுக்கே நூறு நிறுத்தலாம்.
ஒவ்வொன்றின் நுனிக்கு எதிரேயும்
இன்னொரு அணுவின் வாய்,
ஒட்டாமல், விலகாமல்.

பதினேழாவதைத் தேர்ந்தோம்.
மெலிந்த கழுத்து. தலை என்று சொல்ல ஒன்றுமில்லை.
கூண்டில் அடைத்த குளுட்டமேட்டை லேசர் திறந்துவிட,
இரண்டு நொடிக்கு ஒரு தட்டு.
முப்பது தட்டு. முடிந்தது.

கால்சியம் உள்ளே நுழைகிறது.
அதற்குப்பின் நடப்பவை என் கண்ணுக்கு எட்டாதவை.
காம்கினேஸ் விழித்து, தன்னைத்தானே தட்டித் தட்டித்
தூங்கவிடாமல் வைத்துக்கொள்ளுமாம்.
நைட் டூட்டிக்காரிக்குப் புரியாததா.
அங்கிருந்து ராக்குக்குச் சேதி போகிறது, ரோவுக்கும் போகிறது.
ஆக்டின் இழை ஒரு முனையில் கோத்துக்கொண்டே வர
மறுமுனையில் உதிர்ந்துகொண்டே போகிறது.
நடுவில் கோஃபிலின் வெட்டுகிறது;
வெட்டிய இடமெல்லாம் புது முனை.
ராக் வளர்க்கும், ரோ சுருக்கும் என்றுதான் நான் படித்தேன்.
இங்கே இரண்டும் ஒரே ஷிப்டில் நிற்கின்றன,
யாருக்கு யார் மேஸ்திரி என்று தெரியவில்லை.

பன்னிரண்டு நாலு. பதினேழு வீங்குகிறது,
மழை கேட்ட காளான்போல.
ஷம்ஸா என் ஸ்வெட்டர் கையைப் பிடித்துக்கொண்டாள்.
பன்னிரண்டு இருபது. கொஞ்சம் வடிந்தது.
அவள் முகமும்.
ஒரு மணி. அதே அளவில் நின்றது.
அவள் "பஸ்" என்றாள், மேசையில் தலை வைத்துத் தூங்கிப்போனாள்.

பதினெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.
பக்கத்தில்தான் இருந்தது, ஒரு தட்டும் கிடைக்காமல்.
படம் படமாய்ப் பின்னால் போய்ப் பார்த்தேன்.
எந்த நிமிடத்தில் என்று சொல்ல முடியாதபடி
மெலிந்திருக்கிறது.

ஓர் இழைக்குள் ஒரு துகள் ஒரு நிமிடம்கூடத் தங்காதாம்.
புரதங்கள் சில நாளில் மாறிவிடும்.
முள் இருக்கும்.
ரூவியில் என் பெட் ஸ்பேஸை நினைத்துக்கொண்டேன்.
எனக்கு முன் அதில் ஒரு ஹசீனா, அவளுக்கு முன் ஒரு பெனிட்டா.
சுவரில் இருவர் ஒட்டிய ஸ்டிக்கரும் இருக்கிறது.
இரவு ஒன்றரைக்கு எந்த ஒப்பீடும்
சரியாகத்தான் தோன்றும். குறித்துக்கொள்ளவில்லை.

கோப்பைச் சேமித்துக் கீழே இறங்கினேன்.
இரண்டு மாதமாய் "சலாம் மேடம்" சொன்ன காவலாளி
நாற்காலியில் இல்லை. கான்ட்ராக்ட் மாறிவிட்டதாம்.
அவர் பெயரை நான் கேட்டதே இல்லை.
புது ஆள் என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
அவர் வாய் திறக்குமுன் கேட்டுவிட்டேன், உங்கள் பெயர்?
டம்பர், என்றார், ஏதோ தப்புச் செய்தவர்போல.

வெளியே காற்று ஈரத்துணியாய் முகத்தில் விழுந்தது.
கண்ணாடி முழுக்க ஆவி.
வேன் வரும்வரை சொல்லிப் பார்த்தேன்:
டம்பர். டம்பர். டம்பர்.
முப்பது இருக்காது.
பத்துக்குமேல் எண்ணவில்லை.